பாதி மூச்சு

எரித்தால் மூக்கில் வரும்.
புதைத்தால் கிணற்றில் வரும்.
நாங்கள் இரண்டும் செய்வதில்லைங்க.
மூச்சைப் பாதி பிடித்துக்கொள்ளச் சொல்கிறோம்
குப்பையை.

காற்று வால்வு என் இடக்கைப் பக்கம்.
முப்பது சதம். ஒரு நூல் கூடத் திறந்தால்
தீயே எல்லாவற்றையும் தின்றுவிடும்.
ஒரு நூல் குறைந்தால்
தார் கட்டிக் குழாயெல்லாம் சளி.
பசித்த தீக்கு அரை வயிறு போட்டு
மீதிப் பசியை வாயுவாக வாங்கிக்கொள்வது,
இவ்வளவுதான் என் வேலை.

முப்பது வருசம் கல் எடுத்த பாறைக்குழி,
பன்னிரண்டு வருசம் திருப்பூர் கொட்டிய குழி,
அதன் ஓரத்தில் எங்கள் கொட்டகை.
லாரி வந்தால் மயிலாத்தாளும் ஆறு பேரும்
கொக்கியோடு நிற்பார்கள்.
பனியன் வெட்டு, தேங்காய்த் தொட்டி, முருங்கைக் குச்சி,
பரோட்டாக் கடை இலை, ஒற்றைச் செருப்பு
(ஒருநாளும் ஜோடியாக வந்ததில்லை).
பிளக்ஸ் மட்டும் உள்ளே போகக்கூடாது,
அதில் குளோரின் இருக்கிறது.
ஆகவே
காதுகுத்துக்கு வரவேற்ற தாய்மாமன்மார்,
கும்பிட்ட கையோடு வார்டு வேட்பாளர்கள்,
மஞ்சள் நீராட்டுப் பெண்
எல்லோரும் சுவரோரம் சுருண்டு கிடக்கிறார்கள்.
"இவுங்களுக்கு மட்டும் மோட்சமில்லை" என்பாள் மயிலாத்தாள்.

சென்னையிலிருந்து வந்த பொறியாளர்
பதிவேட்டில் என் பெயரைப் படித்துச் சிரித்தார்.
"குப்பணனா? ஆளைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள்."

எனக்கு முன்னால் மூன்று பிறந்து
மூன்றும் போச்சு.
நாலாவதை எருக்குழியில் கிடத்தி,
வேண்டாத பண்டம் என்று எமனுக்குக் காட்டிவிட்டு,
வேறொருத்தியை எடுக்கவைத்துத்
தவிடு கொடுத்து வாங்கினார்கள்.
ஒரு படித் தவிடு. என் விலை.
அவரிடம் இதைச் சொல்லவில்லை.
வால்வைக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை லோடு எப்போதும் ஈரம்.
கறிக்கடைச் சரக்கு, மண்டபத்துச் சாம்பார்.
மூன்று நாள் காயவைத்தும்
நேற்று ராத்திரி இரண்டே காலுக்கு
உலையின் தொண்டையில் அடைத்துக்கொண்டது.
மேலே பாலம் கட்டி நின்றது சரக்கு,
கீழே வெறும் தணல்.
கம்பி விட்டுக் குத்தினேன். இறங்கவில்லை.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்.
இறங்கியது.

சட்டைப் பையில் தீப்பெட்டி அளவு ஒரு கருவி.
அது கத்தினால் ஓடணும்.
போன ஆவணியில் கத்தியபோது
சென்னியப்பனை இரண்டு பேர் தூக்கி வந்தோம்.
வேப்பமரத்தடியில் கண் திறந்து கேட்டான்:
"வாசனை ஒன்னும் வரலீங்களே?"
அதுதான்.
மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைக் கடக்கிற
பஸ்ஸுக்குச் சொல்லணும்:
நாறுகிற வரைக்கும் பயமில்லைங்க.
கொல்வதற்கு மணம் கிடையாது.

அடியில் விழும் கரித்தூளைச்
சாயப்பட்டறைக்காரர் ஒருவர் மூட்டை கட்டிப் போகிறார்.
நொய்யலுக்குப் போகுமுன்
தண்ணீரின் சிவப்பை அது கொஞ்சம் பிடித்துவைக்குமாம்.
கொஞ்சம்தான்.
உருகித் திரண்ட சாம்பல் நடைபாதைக் கல்லாகிறது;
சந்தைப்பேட்டை முன்னால் பதித்ததன்மேல்
யாரோ வெற்றிலை துப்பியிருந்தார்கள்.
எஞ்சின் தருவதில் மூன்றில் ஒரு பங்கை
எங்கள் மோட்டார்களே குடித்துவிடும்.
மீதி தெருவிளக்கு.
குழி குறையவில்லை. நாங்கள் தின்பதைவிட
ஊர் வேகமாகப் பரிமாறுகிறது.

ஷிஃப்ட் முடிந்து வரும்போது இன்னும் இருட்டு.
நாலாம் வீதியில் விளக்குகள் வரிசையாக மினுக்கின.
பால்காரர் வண்டியை நிறுத்தி
மின்வாரியத்தைத் திட்டினார்.

நான் ஒன்றும் பேசவில்லை.
அது இந்த வீதிக்காரர்களே மிச்சம் வைத்த
போன ஞாயிற்றுக்கிழமைக் குடல்குழம்பு.